விசிலுக்குக் காலியாகும் ஊர்

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் அணு உலைக்காரர்கள் சுடுதண்ணீர் விடுகிறார்கள். அதில் துணியை அலசி எடுத்தால் அப்புறம் இஸ்திரியே போட வேண்டியதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் இஸ்திரிக்காரன். இது என் பிழைப்பைக் கெடுக்க யாரோ கிளப்பிவிட்ட பொய். காலர் ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம் இருக்கத்தான் செய்யும்.

உலை இரண்டு இருந்தது. மூன்றாவது வரவேண்டிய இடத்தில் என் தங்கச்சி வீடு இருந்தது. தெருவின் கடைசி வீடு; அதற்கப்புறம் மதில்தான். முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் அவள். மாப்பிள்ளை உலைக்குள் ஒப்பந்தத்தில் தரை கழுவப் போனவர். ரத்தத்தில் என்னவோ வந்து போய்ச் சேர்ந்தார். சிகரெட் பிடித்ததால் வந்த நோய் என்று உலை டாக்டர் எழுதிக் கொடுத்தார். எதிரே யாராவது சிகரெட் பற்றவைத்தால் தெரு மாறி நடக்கிற மனுஷன் அவர். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவரைக் குறை சொல்லக் கூடாது, முக அமைப்பே அப்படி. ஊரில் அவருக்குப் பெயரே சிரிப்பு அதிகாரிதான்.

அன்று தங்கச்சி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "மூணாவது வராது."

மறுநாள் மிஷினில் கறுப்புத் துணியை மாட்டிக் கொடி தைக்க ஆரம்பித்தாள். தெருமுனையில் பந்தல் விழுந்தது. நாலு தெருக்காரர்களும் வந்து உட்கார்ந்தோம். போலீஸ் வந்து பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும், பட்டணத்து விளையாட்டரங்கத்தில் உட்காரவைக்கும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடும். இப்படியே வருஷங்கள் ஓடின.

எங்களைப் பிடிக்கிற சப்-இன்ஸ்பெக்டரின் சட்டைக்கு நான்தான் பெட்டி போடுவேன். கைது செய்கிற நாளில் சட்டை மொடமொடவென்று இருக்க வேண்டும் என்று முந்தின நாளே கொடுத்துவிடுவார். ஆகவே நாளைக்குக் கைது உண்டா இல்லையா என்பது ஊரில் முதலில் எனக்குத் தெரியும். நான் சொன்னால் பெண்கள் அதற்குத் தகுந்தாற்போல் மாவு பிசைவார்கள்.

ஆரம்பத்தில் ஒரு தடவை தள்ளுமுள்ளாகி, காய்கறி விற்கும் கிழவி பஸ் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். போராட்டக்காரர்கள் மிதித்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். அன்றிலிருந்து தங்கச்சி கறாராக விதி போட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் ஊதும் முதல் விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும். அடுத்த விசிலுக்குக் கதவைப் பூட்டிவிட்டு மருந்துப் பையை எடுக்க வேண்டும். அப்புறம் வரிசை. வயசானவர்கள் முன்னால், பெண்கள் முன்வாசல், ஆண்கள் பின்வாசல்.

"ஒழுங்கா ஏறிட்டா தடியைத் தூக்க அவனுக்குச் சாக்கே கிடைக்காது," என்பாள்.

போகப்போக பஸ்ஸில் அவரவருக்கு ஒரு சீட் ஏற்பட்டுவிட்டது. வாந்தி எடுப்பவர்களுக்கு ஜன்னல் ஓரம். காது கேட்காத தச்சருக்குப் பக்கத்தில் ஓயாமல் பேசும் என் மனைவி. ஊரிலேயே சந்தோஷமான ஜோடி அதுதான். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட் தங்கச்சிக்கு. கைதாகும்போது எங்கள் ஊர் ஆடு மாடுகள்கூட வரிசையில் நிற்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். அபாண்டம். மாடு நின்றதில்லை.

கடைசியில் தங்கச்சி கோர்ட்டுக்குப் போனாள். விபத்து நடந்தால் ஊரை எப்படிக் காலி செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்டாள். கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. காலையில் ஆரம்பித்து உச்சிப்பொழுதுக்குள் நாலு தெருவும் காலியாக வேண்டும். ஆகாவிட்டால் மூன்றாவது உலை கிடையாது.

அன்று அவள் சிரித்ததைப் பார்த்தேன். மாப்பிள்ளை போனதற்கப்புறம் அதுதான் முதல் தடவை.

பந்தலில் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னாள். "யாரும் தகராறு பண்ணக் கூடாது. பண்ணினா நாமதான் கெடுத்தோம்னு கோர்ட்ல சொல்லிடுவான். நீங்க எப்பவும்போல இருங்க, அது போதும். நம்ம ஜனம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பவே அரை நாள் ஆகும்."

"என் பொண்டாட்டிக்கு முழு நாள்," என்றேன்.

"நீங்க தொலைச்ச சாவியைத் தேடித்தானே நேரமாகுது?" என்றாள் மனைவி.

ஒத்திகை நாள் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சட்டை கொடுத்திருக்கவில்லை. கைது இல்லையல்லவா, கசங்கின சட்டையோடு ஓரமாக நின்றார். எல்லாம் உலைக்காரர்களின் ஏற்பாடு. மஞ்சள் மேலங்கி போட்ட பிள்ளைகள், கண்ணாடி மாதிரி பளபளக்கும் புது பஸ்கள், மேற்பார்வைக்கு மூன்று நிபுணர்கள்.

அவ்வளவு அழகாக ஒரு காரியம் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கி கொர்ரென்றது, நின்றுபோனது. முதல் புது பஸ் மருந்துக்கடை முனையில் திரும்ப முடியாமல் சிக்கி, தெருவையே அடைத்துக்கொண்டது. மஞ்சள் மேலங்கிகளில் பாதிப் பேர் வழி தெரியாமல் கால்வாய்ப் பக்கம் போனார்கள். படுத்த படுக்கையாக இருந்த என் மாமனாரைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள்.

"பல்செட்டைக் காணோம். பல்லு இல்லாம நான் எந்த ஆபத்துக்கும் வர மாட்டேன்," என்றார் அவர்.

தங்கச்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"அண்ணே, வீடு தப்பிச்சுது," என்றாள் மெதுவாக. "அவர் இருந்திருந்தா இதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்."

சிரிப்பு அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. சிரித்துக்கொண்டேதான் வியர்த்தார். சப்-இன்ஸ்பெக்டரிடம் ஓடி, "உங்க பழைய வண்டிங்களையாவது கொண்டாங்களேன் சார்," என்று கெஞ்சினார். அதுகள் பின் சந்து வழியாக வந்தன. ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட, எங்களுக்கு மிகவும் வேண்டப்பட்ட பஸ்கள். வந்து நின்றதும், பாவம், சப்-இன்ஸ்பெக்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பழக்கம், விசிலை எடுத்து ஊதினார்.

நாலு தெருவிலும் அடுப்பு அணைந்தது.

இரண்டாவது விசில். பூட்டுகள் டக் டக்கென்று விழுந்தன. முழு நாள் ஆகும் என்று நான் சொன்ன என் மனைவி மருந்துப் பையோடு எனக்கு முன்னால் நின்றாள். மாமனார் பல்செட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். எழுந்து நடந்தாரா என்று கேட்காதீர்கள். நான் அவரைத் தூக்கவில்லை, வேறு யாரும் தூக்கியதாகவும் தெரியவில்லை, வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

வரிசை எங்கோ லேசாகக் குழம்பியது. அப்போது ஒரு கணீர்க் குரல்: "வயசானவங்க முதல்ல! பொம்பளைங்க முன்வாசல்! இடிக்காதீங்க!"

தங்கச்சிதான். கை நீட்டி, காய்கறிக் கிழவியைப் படியில் பதமாக ஏற்றிவிட்டாள். எல்லாரும் ஏறினபின் அவளும் ஏறி, டிரைவருக்குப் பின்னால் அவள் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி மதிலைத் தாண்டும்போதுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது அவளுக்கு. கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நிறுத்துங்க," என்றாள். டிரைவருக்கு அது கேட்டுப் பழகின வார்த்தை. நிறுத்தவில்லை.

விளையாட்டரங்கத்தில் நிபுணர்கள் எங்களைக் கைதட்டி வரவேற்றார்கள். வெயில் இன்னும் ஏறவேயில்லை. உலகத்தில் வேறெந்த ஊரும் இவ்வளவு சீக்கிரம் காலியானதில்லையாம். மக்களின் முன்மாதிரியான ஒத்துழைப்பு என்று கோர்ட்டில் பாராட்டிவிட்டு மூன்றாவது உலைக்கு அனுமதி கொடுத்தார்கள். உலைக்காரர்கள் ஊருக்கு ஒரு கேடயம் அனுப்பினார்கள். என் கடையில் இருக்கிறது. சூடான பெட்டியை அதன்மேல்தான் வைக்கிறேன்.

வீட்டை எடுக்க வந்த அன்று சப்-இன்ஸ்பெக்டர் விசில் ஊதாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, வாங்க. உங்க சீட்டை யாருக்கும் குடுக்கல."

"இருக்கட்டும் சார்," என்றாள் தங்கச்சி, மிஷினை விட்டு எழுந்திருக்காமல். "இனி எனக்கு ஏறத் தெரியாது."

அவள் நாற்பது கிலோ இருந்தால் அதிகம். அன்று எட்டுப் பெண் போலீஸ் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. மேலும் நாலு பேர் வந்தார்கள். அவள் கனத்தில் ஜீப்பின் டயர் ஒன்று வெடித்தது. நம்பாதவர்கள் வந்து கேட்டால் டயரைக் காட்டுகிறேன்.

இப்போது என் கடையின் ஒரு பாதியில் அவள் மிஷின் ஓடுகிறது. அவள் முன்னறை இருந்த இடத்தில் மூன்றாவது உலை நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு ஒத்திகை. விசில் அடித்தால் ஊர் காலியாகிவிடும். தங்கச்சி மட்டும் மிதிப்பதை நிறுத்த மாட்டாள். முதல் வருஷம் இதனால் ஒத்திகை தோற்றுவிடும் என்று நானும் ஆசைப்பட்டேன். சிரிப்பு அதிகாரி வந்து பார்த்தார். 'இறப்பு: ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

"உயிரோட இருக்கேனே சார்," என்றாள் தங்கச்சி.

"ஒத்திகைக் கணக்குக்கும்மா. அனுமதிச்ச அளவுக்குள்ளதான் வருது. ஒத்திகை வெற்றி."

அதிலிருந்து வருஷாவருஷம் அவள் செத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேற்று இந்த வருஷத்து விசில் அடித்தது. என் பெட்டியில் கரி நன்றாகக் கனிந்திருந்தது. அதை அணைக்க மனசு வரவில்லை. ஊர் காலியானது. சிரிப்பு அதிகாரி உள்ளே வந்து, தங்கச்சியைப் பார்த்து 'ஒன்று' என்று எழுதினார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் பேனா நின்றது.

"ரெண்டு," என்றேன். "அது இருக்கட்டும் சார், அனுமதிச்ச அளவு மொத்தம் எத்தனை?"

அந்த மனுஷர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முக அமைப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

தங்கச்சி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, செத்தவங்க இப்படியெல்லாம் கேள்வி கேக்கக் கூடாது."