ஐந்து பேரில் ஒருவன்

லாம்பர்ட் கியோவின் பெயர் ஐவரில் முதலாவதாக வந்த அன்று, சாராயக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு பேஸ்பால் கிளப்பும் ஐந்து ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், வேறு கிளப் அவர்களைத் தொடக்கூடாது என்று முதலாளிகள் அப்போதுதான் சட்டம் போட்டிருந்தார்கள். மடையர்கள் நாங்கள், அதைப் பட்டம் என்று நினைத்துவிட்டோம்.

பிறகு தூரத்தில், செயிண்ட் லூயிஸில் இருந்த அவன் மனைவி நோரா இருமலில் படுத்தாள். குளிர்காலம் வரை தாங்கமாட்டாள் என்றார் டாக்டர். அந்த ஊர் கிளப்பே கியோவைக் கூப்பிட்டது. எங்கள் முதலாளி தார்ன்பரி விடவில்லை. ஓடிப்போனால் எந்த கிளப்பும் சேர்க்காது, மருந்துக்கு வழியில்லை. வேறு வேலைக்கும் போக முடியாது. மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று, நான் வீசுவதை வெறுங்கையால் பிடித்துப் பிடித்து வளைந்த விரல்கள். அவன் சட்டைப் பொத்தானைக்கூடப் பந்து வீசுகிற நான்தான் போட்டுவிடுவேன்.

"இன்னிக்குப் பந்தக் கோட்டை விடப் போறேன்டா," என்றான், நான் பொத்தான் போடும்போது. "அந்தாளே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளட்டும், அப்புறம் செயிண்ட் லூயிஸ் கிளப்புல சேந்துக்கறேன்."

"உன்னால முடியாதுடா."

"ஏன் முடியாது? நீ வீசற எழவ விடறது பெரிய வித்தையா?"

விட்டான். கூட்டம் ஊளையிட்டது. "கையில என்னடா, வெண்ணெயா?" தார்ன்பரியின் முகம் சிவந்தது. கியோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசிக் கட்டம். எங்களுக்கு ஒரு ஓட்டம்தான் முன்னிலை. இன்னும் ஒருவன் அவுட்டானால் வெற்றி. நான் வேகமாக வீசினேன். பந்து மட்டையில் உரசி நேராகக் கியோவின் தொண்டைக்குப் பாய்ந்தது. அவன் கை தானாக எழுந்தது. விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பந்து கையில் இருந்தது.

கூட்டம் அவனைத் தோளில் தூக்கியது. "கீழ எறக்குங்கடா!" என்று கத்தினான், யார் கேட்டார்கள்! தார்ன்பரி ஓடி வந்து அந்த முறிந்த கையையே பிடித்துக் குலுக்கினார்.

"வெரலு ஒடிஞ்சும் பந்த விடலியேப்பா! உன்னப் போய் எவனாவது விடுவானா?"

நோராவின் அடக்கத்துக்கு அவனால் போய்ச் சேர முடியவில்லை.

இலையுதிர் காலத்தில் அதே கடையில் ஐவரின் பெயர்களை வாசித்தார்கள். முதல் பெயர் கியோ. ஐந்தாவது, அந்த வருடம் சேர்ந்த ஒருவன். அவன் மேசைமேல் ஏறி நின்றான்.

"எல்லாருக்கும் பீர்! என் கணக்குல!"

கியோ குவளையை இரண்டு உள்ளங்கைகளாலும் இடுக்கிக் குடித்தான்.