கஞ்சி போட்ட நட்சத்திரங்கள்

அன்று காலை போனில் பேசும்போது தான் இருமினாளா இல்லையா என்பது ஷைனிக்கு இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. இருமியிருக்கிறாள் என்றே சில நாள் படுகிறது. தொண்டையைச் செருமி, குரலைக் கம்மலாக்கி, நடுவில் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கூட இருக்கலாம். வேறு சில நாள், அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை, "ஒடம்பு அனலா கொதிக்குது இளமதி" என்று மட்டும்தான் சொன்னேன் என்று தோன்றுகிறது. அடுப்படியில் நின்று பேசினாளா, கட்டிலில் உட்கார்ந்து பேசினாளா என்பதும் கலங்கிப்போய்விட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது நிச்சயம். போனைச் சீக்கிரம் வைத்துவிட்டதும் நிச்சயம். காய்ச்சலில் கிடப்பவள் நீளமாகப் பேசினால் யார் நம்புவார்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் அவளுக்கு வேலை. இரும்புத் தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து பிரஸ் இறங்கி ஒரே அடியில் வளைத்துக் கொடுக்கும். கார்களுக்குப் போகிற கிளிப்புகள். பகலெல்லாம் தகடு பிடித்துவிட்டு வரும் கை வீட்டில் சும்மா இருக்காது. கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் முத்தம்மாவின் பைபிளுக்குக் குரோஷா ஊசியால் ஓர் உறை பின்னிக் கொடுத்தாள். சர்ச்சில் அது நாலு பேர் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து கிறிஸ்மஸ் வந்தால் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், கம்பெனிக் கூட்டாளிகள் என்று எல்லோருக்கும் அவள் கையால் ஏதாவது ஒன்று போயாக வேண்டும் என்றாகிவிட்டது. டிவி மேல் போடும் விரிப்பு, போன் பை, குழந்தைக் குல்லா. யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் நவம்பர் பிறந்ததும், "இந்த வருஷம் இன்னா ஷைனி?" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதைத் தவிர அவளைப் பற்றி யாரும் எதுவும் விசாரித்ததில்லை.

இந்த வருஷம் நட்சத்திரங்கள். வெள்ளை நூலில் பின்னி, ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைத்து, தெர்மகோல் அட்டையில் முனைக்கு முனை குண்டூசி குத்திக் காயவைத்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். வாசலில் தொங்கவிடலாம். நாத்தனார் மெர்சி புதுவாயலில் புதுவீடு கட்டி முடித்திருந்தாள். ஹால் ஜன்னல் முழுக்கச் சரம் சரமாக வேண்டும் என்று கேட்டிருந்தாள். மழை நாளில் கஞ்சி காயாது. பின்னி முடிக்கவும் நேரம் இல்லை. ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தால் கண் செருகிக்கொண்டு போகும். ஒரே ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிடலாம் என்று நினைத்தாள்.

ஒப்பந்தத் தொழிலாளி நினைத்த நேரத்தில் லீவு போட முடியாது. தன் இடத்துக்கு ஓர் ஆளைச் சொல்லி அனுப்ப வேண்டும். அப்போது அவளுக்கு நினைவு வந்தது இளமதிதான். பேக்கிங்கில் இருக்கிற பெண். பொதட்டூர்பேட்டைக்காரி, இங்கே நாலு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அன்று அவளுக்கு வார லீவு. பிரஸ் ஓட்டிப் பழக வேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இருந்தது. "நீ பட்துக்கோக்கா, நான் போறேன். ரசம் வெச்சிக் குடி" என்றாள். அதற்குமேல் ஷைனி ஒரே ஒரு விஷயம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மெஷினின் பெடல் சரியில்லை. காலை எடுத்த பிறகும், எப்போதாவது, பிரஸ் தானாகவே இன்னொரு தரம் இறங்கும். ஷைனிக்கு அது பழகியிருந்தது. அடித்ததும் ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் கையை உள்ளே விடுவாள். சூப்பர்வைசர் சந்திரமோகனிடம் சொல்லியும் இருந்தாள். "இந்த லோடு போவட்டும்மா, மெக்கானிக்க வரச் சொல்றேன்" என்றார். லோடு போய்க்கொண்டே இருந்தது. இதையெல்லாம் போனில் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால், இந்தச் சத்து காய்ச்சல்காரிக்கு எங்கிருந்து வந்தது என்று ஆகிவிடும். 'சொல்லணும்' என்று நாக்கு நுனி வரை வந்ததா, அல்லது அந்த நேரத்தில் நினைவே வரவில்லையா? இந்த இடத்தில்தான் ஷைனி தன்னை நம்புவதில்லை. மறந்துபோயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, மறந்துபோனது போலவே ஒரு ஞாபகத்தை அவளே செய்து வைத்திருக்கிறாளோ என்னவோ.

மத்தியானத்துக்கு முன்பே இளமதியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஹைவேயில் தண்ணீர் நின்றதால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு போனதாம். ஷைனி அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்தது யாருக்கான நட்சத்திரம் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது இளமதி முழித்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஷைனியைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "ஜொரம் உட்டுச்சாக்கா?"

ஷைனி தலையை ஆட்டினாள்.

"நான்தாங்க்கா பேஜார் பண்ணிக்கினேன். கால பெடல்ல இருந்து எடுக்காம வுட்டுட்டேன் போல. எடுத்தா மாதிரிதான் கீது. ஆனா எடுத்திருந்தா எப்டி எறங்கும்? சாரும் அதான் சொன்னாரு. எங்கண்ணன் வந்து, நின்னுக்கினே தூங்கினியாடின்னு கத்திட்டுப் போறான்."

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி இருந்தாள், நர்ஸ் வந்தாள், இளமதியின் அம்மா ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவரும் வரும்போதும் ஷைனிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கொண்டுபோன ஆப்பிளைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். மறுநாள் வேலைக்குப் போனால் மெஷினில் புதுப் பெடல் போட்டிருந்தது. அது ஒரு தரம்தான் அடித்தது. சந்திரமோகன் அவள் பக்கம் பார்க்காமல் தாண்டிப் போனார். அவளும் குனிந்த தலை நிமிரவில்லை.

ஊசியை இனித் தொடுவதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் முத்தம்மா விடவில்லை. "மெர்சிக்கு வாக்கு குட்துட்டு இன்னா சும்மா குந்திக்கினு கீற? அந்தப் பொண்ணுக்கு அடிபட்டா நீ இன்னா பண்ணுவ? ஜெபம் பண்ணு, பின்னு." வீட்டுக்காரன் ஜெரால்டு ரோலிங் மில்லில் இருந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவான், அவனிடம் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. ஷைனி பின்னினாள். இதுவரை அவள் தன் கையைப் பார்த்துப் பின்னியதே இல்லை. இப்போது பார்த்தாள். ஊசியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துக்கொள்கின்றன, நடுவிரல் அடியில் முட்டுக் கொடுக்கிறது. ஊசி உள்ளே போய், நூலைக் கொக்கி போட்டு, வெளியே வருகிறது. உள்ளே, வெளியே. எதுவும் அதன்மேல் இறங்கவில்லை. அந்த இரண்டு விரல்களையும் மடக்கிக்கொண்டு பின்னிப் பார்த்தாள். ஊசி நழுவித் தரையில் விழுந்தது.

கிறிஸ்மஸ் அன்று இளமதியைச் சாப்பிடக் கூப்பிட்டதும் முத்தம்மாதான். தையல் பிரித்த கையை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக அவள் அந்த வாரம் ஊரிலிருந்து வந்து ரூமில் தங்கியிருந்தாள். கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி வாசலில் நின்றவளை முத்தம்மா, "வா கண்ணு, உன் ஊடு மாதிரி" என்று இழுத்துப்போய் உட்கார வைத்தாள். பிரியாணிக்கு ஸ்பூன் கொடுத்தார்கள். இடக்கையால் ஸ்பூனைப் பிடித்து அவள் சாப்பிடுவதை யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். ஷைனி தயிர்ப் பச்சடி கொண்டுவரப் போனாள், தண்ணீர் கொண்டுவரப் போனாள், மறுபடியும் தயிர்ப் பச்சடி கொண்டுவரப் போனாள்.

"ஒக்காரு அண்ணி, நீ இன்னா சர்வரா?" என்றாள் மெர்சி.

சாப்பாடு முடிந்ததும் முத்தம்மா பீரோவிலிருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்துவந்தாள். "இது உனக்குன்னு ஷைனி போட்டது." ஷைனி அதைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உள்ளே வைத்திருந்தாள். இளமதி அதை இடது உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

"நூலாக்கா இது? பீங்கான் மாதிரி கீது."

"கஞ்சி போட்டது" என்றாள் ஷைனி.

"எங்க ஊட்டு ஜன்னல வந்து பாரு நீ" என்றாள் மெர்சி உற்சாகமாக. "ஜன்னல் பூரா தொங்குது. பாதி ஒரே நாள்ல போட்டது தெரியுமா? அந்த மழ ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சே, ஹைவேலகூடத் தண்ணி நின்னுச்சே, அன்னிக்கு லீவு போட்டுட்டுக் குந்திச்சு பாரு அண்ணி. நான் வீடியோ கால் போட்டா, பேசக்கூட டைம் இல்ல மெர்சி, பின்னல்ல கண்ணு வுட்டுப் பூடும்னு சொல்து. எங்கண்ணனுக்கு இப்டி ஒரு நாளு குந்தி ஒரு வேல செய்யத் தெரியுமா?"

ஜெரால்டு சிரித்தான். முத்தம்மாவும் சிரித்தாள். இளமதி நட்சத்திரத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே நூல் முடிச்சு ஒன்று இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தெருவில் யாரோ வெடி வைத்தார்கள். மெர்சி கேக் வெட்ட எழுந்து போனாள்.

பஸ் ஏற்றிவிட ஷைனி அவளோடு நடந்தாள். லாரிகள் சேற்றை வாரிக்கொண்டு போகிற சாலை. லாரி எடை போடும் வே-பிரிட்ஜ் ஒன்று தாண்டியது, பூட்டிக்கிடந்த டீக்கடை ஒன்று தாண்டியது. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் பஸ் ஸ்டாப் வந்துவிடும் என்று ஷைனி நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னை வெறுத்தாள்.

"ஜொரம் இல்லியாக்கா அன்னிக்கு?"

"இல்ல."

இளமதி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "அதுக்கு இன்னாக்கா" என்றாள். "நானுந்தான் எத்தினி தபா பாட்டிய சாவடிச்சி லீவு போட்டுருக்கேன். எங்க பாட்டி இன்னும் வெத்தல போட்டுக்கினு நல்லாத்தான் கீது." அவளே சிரிக்கவும் செய்தாள். "நெசத்த சொல்லிக் கேட்ருந்தாலும் நான் போயிருப்பேன். மிஷின்ல கோட்ட வுட்டது நான். நீ எதுக்குக்கா மூஞ்ச அப்டி வெச்சிக்கினு கீற?"

ஷைனி நின்றுவிட்டாள். இப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். கொடுக்கிறவளே சந்தோஷமாகக் கொடுக்கிறாள். காய்ச்சல் பொய்க்கான மன்னிப்பை வைத்துக்கொண்டு அடியில் கிடக்கிற இன்னொன்றையும் மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. தனக்கு மட்டும் தெரியும். இளமதி தன் அண்ணனிடம் ஆயுசுக்கும் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கிக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான்.

"நீ கால எடுத்துட்டதான்" என்றாள் ஷைனி.

"இன்னா?"

"கால எடுத்தாலும் அது இன்னொரு தரம் அடிக்கும். பெடல் ரிப்பேரு. எனக்குத் தெரியும் இளமதி. முன்னாடியே தெரியும். போன்ல சொல்லல. ஜொரம்னு சொல்லிட்டு நெறையப் பேசுனா..."

ஒரு கண்டெய்னர் லாரி அவர்களை ஒட்டிப் போயிற்று. அது போய், அதன் சத்தமும் போய், பின்னால் வந்த இன்னொன்றும் போயிற்று. இளமதி குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்பு வாரில் சேறு ஒட்டியிருந்தது.

"ராத்திரியெல்லாம் இந்தக் காலத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். "வெட்டிப் போட்லாம்னு வந்துச்சு."

ஷைனி அவள் தோளைத் தொடப் போனாள். இளமதி நகரவில்லை, ஆனாலும் ஷைனியால் தொட முடியவில்லை.

"சாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கண்ணன்கிட்ட வந்து சொல்றியா? வேற இன்னாவும் வாணாம். நான் தூங்கலன்னு அவன்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன்."

பஸ் வந்தது. ஏறும்போது கம்பியைப் பிடிக்க இளமதியின் வலது கை தானாக முன்னால் வந்து, பாதியில் நின்று, இடது கை வந்து பிடித்துக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்பு ஷைனி பொதட்டூர்பேட்டைக்குப் போய் இளமதியின் அண்ணன் பாக்கியராஜிடம் சொன்னாள். அவன் அவளை உட்காரச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "சரி, கெளம்புங்க" என்றான். இளமதி வீட்டுக்குள்தான் இருந்தாள், வெளியே வரவில்லை. பாக்கியராஜ் கம்பெனிக்கு ஆட்களோடு வந்து சத்தம் போட்டபோது ஷைனி எல்லோர் முன்னாலும் அதையே சொன்னாள். சந்திரமோகனை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். ஷைனியைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, இளமதி இருந்த பேக்கிங்கில் போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளோடு உட்கார யாரும் வருவதில்லை. ஜெரால்டு விஷயம் தெரிந்த பிறகு சில நாள் பேசாமல் இருந்தான், இப்போது பேசுகிறான். முத்தம்மா தினமும் இளமதி பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறாள். மெர்சி ஜன்னல் நட்சத்திரங்களைக் கழற்றவில்லை, ஷைனியும் கழற்றச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் அவள் அடுப்படியிலேயே இருந்துவிட்டு வருகிறாள். இளமதி ஊர்ப்பக்கம் திருத்தணியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். திருத்தணிக்குப் போன மெர்சி அந்தக் கடையில் ஏறி ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்தாள். இளமதி மடிப்பை இடது கையால் பிடித்து ஒரே உதறலில் புடவையைக் கடை மெத்தையின் நீளத்துக்கும் விரித்துப் போட்டாளாம், முந்தானையைத் தனியாக எடுத்துக் காட்டினாளாம். ஷைனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம்.