மூன்று கட்டடங்களுக்கு நடுவே

தையல்கடைக்காரிக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். பஸ் ஓட்டியவர். வாய் ஓயாத பேச்சு என்பதால் டிப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அண்ணன், அண்ணி, அவள் என மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூளைக்காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு ரேடியோவின் பேச்சில் பாதி காணாமல் போனது. சில நாள் தன் பெயரே நாக்கில் வராது. ஒரு நாள் காலையில், பிளேடு வாங்கிவருகிறேன் என்று, நீலக் கோடு போட்ட சட்டையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

அவளும் அண்ணியும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். கால் தேய அலைந்தார்கள். அண்ணனின் படத்தைப் பெரிதாக்கி அவள் தன் தையல்கடைச் சுவரில் ஒட்டி வைத்தாள். மாதங்கள் கழித்து, பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்த ஒரு வாட்ச்மேன் அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார். நகராட்சி நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்தில் அவருக்கு வேலை. இவரை எங்கள் இல்லத்தில் பார்த்திருக்கிறேனே என்றார்.

அதற்குப் பிறகுதான் நடந்தது தெரியவந்தது. அண்ணன் அன்றைக்கே மார்க்கெட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். யாரோ அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லத் தெரியாதவராகப் பல வாரம் அங்கே இருந்திருக்கிறார். புகார் கொடுத்த ஸ்டேஷன் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் போதும். உடம்பு தேறியதும் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது அவள் கடைக்குப் பின்தெருவில் இருந்தது. இல்லத்தின் கூரையைப் பழுதுபார்க்க அங்கிருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றிய களேபரத்தில், அண்ணன் வாசலைத் தாண்டி நடந்துவிட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகரில் பொதுமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, நகராட்சி ஆகியவை சேர்ந்து ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று ஊர்க்காரர்களே உட்கார்ந்து விசாரிக்கும் குழு. அவள் விண்ணப்பித்தாள். அண்ணிக்குப் பிடிக்கவில்லை. ஆளைத் தேடாமல் நாற்காலியைத் தேடுகிறாயே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அவரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"இங்க யாரும் சொந்த விஷயத்தைப் பேசக் கூடாதும்மா. பேசினா, நாளைக்கு நாம கேக்கிற நியாயமான கேள்வியைக் கூட தள்ளிவிட்டுடுவாங்க. வாயைக் கட்டிக்கிட்டு உக்கார முடியுமா?"

முடியும் என்றாள். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

முதல் விசாரணைக்கு இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், இல்லத்துக்குப் பொறுப்பான நகராட்சி அதிகாரி மூவரும் வந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூவரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள்தான். வேலை விஷயமாக மட்டும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. எங்கள் பக்கம் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் விளக்கினார். அவள் முறை வந்தபோது, தொண்டைவரை வந்த 'எங்கண்ணன்' என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"பேர் சொல்லத் தெரியாத ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கார். அவரைக் காணோம்னு எதிர்ல ஸ்டேஷன்ல புகார் இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு யாருங்க கண்டுபிடிக்கணும்?"

ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தால் பார்ப்போம் என்றார் இன்ஸ்பெக்டர். போலீஸ் கேட்டால் சொல்வோம் என்றார் கண்காணிப்பாளர். அனுப்பிவைக்கிறவர்களை வைத்துக்கொள்வது மட்டும்தான் எங்கள் வேலை என்றார் நகராட்சி அதிகாரி.

"அப்போ யார் மேலயும் தப்பு இல்லை," என்றாள் அவள். "அந்த மனுஷன் மட்டும் வீட்டுக்கு வந்து சேரலை."

இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தி அவளைச் சரியாக ஒருமுறை பார்த்தார்.

அடுத்த வாரம் குழு ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனது. ஆண்கள் வார்டு நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகக் காட்டிக்கொண்டே வந்தாள். பெயர் தெரியாதவர்களுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜன்னலோரம் ஒருவர் இருந்தார், நீலக் கோடு போட்ட சட்டையைக் கழற்றவே விடமாட்டார், அதனால் சட்டைக்காரர் என்று கூப்பிட்டோம் என்று சிரித்தாள். தையல்கடைக்காரி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போஸ்ட்மாஸ்டர் அவளைப் பார்த்தார். நோயாளியை வெளியே அனுப்பும்போது யார் யாருக்குத் தகவல் சொல்வீர்கள் என்று, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த கேள்வியையே அவள் கேட்டாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில், மற்றவர்களோடு வரிசையில் நின்று, தனியாக உள்ளே போனாள்.

"இன்னைக்கு நான் குழுவிலேருந்து வரலைங்க. அந்தச் சட்டைக்காரரோட தங்கச்சி நான்."

நர்ஸ் அவளை ஜன்னலோரக் கட்டிலில் உட்காரவைத்து, ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் சொன்னாள். அந்தச் சட்டையைக் காட்டி, தங்கச்சி தைத்தது என்பாராம். துவைத்துப் போட்டால், காயும்வரை கொடிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாராம். சாயங்காலம் விளக்குப் போட்டதும், கடை சாத்தியிருப்பாள், இப்போது வந்துவிடுவாள் என்று சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் வைத்திருப்பாராம். எந்தக் கடை, எந்தத் தெரு என்று கேட்டால் சிரிப்பாராம்.

அந்த வாரங்களில் அவள் கடை சாத்திவிட்டு இதே ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் தினமும் வீட்டுக்கு நடந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் அந்த நடைபாதை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கடைசியில், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாராமா என்றாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"சட்டையைப் பத்தி மட்டும்தான் அண்ணி."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தச் சட்டைக்கு பட்டன் வச்சது நான்தான்," என்றாள். "உனக்கு அன்னைக்கு வேலை நெருக்கடி."

அதற்குப் பிறகு, குழுக் கூட்டம் இருக்கும் நாட்களில் அண்ணியே போய்க் கடையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆட்சேபங்களையும் இழுத்தடிப்பையும் தாண்டி, மூன்று அலுவலகங்களும் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. பெயர் தெரியாத ஆள் எங்கே வந்தாலும் அன்றைக்கே மற்ற இரண்டு இடங்களுக்கும் தகவல் போக வேண்டும். போலீஸ்காரர் ஒருவர் சாலையைக் கடந்து வந்து ஆளை நேரில் பார்த்துப் புகார்களோடு ஒப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே, வழி தவறிய ஒரு தாயை அவருடைய மகன் வார்டிலிருந்து அழைத்துப் போனார். குழுவின் சார்பில் போய்ப் பார்த்தவள் தையல்கடைக்காரிதான். குனிந்து அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிட்ட மகனை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகவே வந்தன. இரண்டையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சுற்றியுள்ள ஊர்களையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் அவள் சொன்னாள். இது சொந்த விஷயமா என்று போஸ்ட்மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க. அதனால நான் ஓட்டுப் போடலை. வெளிய இருக்கேன், நீங்க முடிவு பண்ணுங்க."

தாழ்வாரத்தில் நின்றாள். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் போஸ்ட்மாஸ்டர் கதவைத் திறந்து, எல்லாரும் சரி என்றுவிட்டார்கள், உள்ளே வா, அடுத்தது குப்பை வண்டிப் பிரச்சினை என்றார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து எப்போதாவது போன் வருகிறது. முதல் தடவை அவளும் அண்ணியும் ஓடிப்போய்ப் பார்த்தபோது இருந்தவர் வேறு யாரோ. இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டரே கூப்பிட்டு, வயதும் உயரமும் ஒத்துவருகிறது, போய்ப் பாருங்கள் என்றார். பஸ் பிடித்துப் போனார்கள். வராந்தா பெஞ்சில் நரைத்த தாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்க அந்தத் தோள் அண்ணனுடையது போலவே இருந்தது. பக்கத்தில் போனதும் முகம் வேறாக இருந்தது; அண்ணியின் கை அவள் கையிலிருந்து நழுவியது.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்றார் அவர்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தையல்கடைக்காரி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

அவர் யோசித்தார். அண்ணியும் வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். அவசரப்படுத்தாமல் இருவரும் காத்திருந்தார்கள்.