பாத்திரம் வந்த வரிசை

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். மூன்று விசில். துணிகளைக் காயப்போட்டேன். எனக்குச் செவ்வாய் வார விடுமுறை. கம்பெனி பஸ் இல்லை. பாகலூர் சாலையில் இருக்கும் அச்சகத்துக்கு நடந்தே போனேன்.

பேராயர் ஞானாபரணம் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். அதற்கு ஒரு பாராட்டு மலர் அச்சிடுகிறார்கள். அவரிடம் கேட்டு அவர் வாழ்க்கையை எழுதியவள் என் மனைவி சுவேதா. போன மாதம் டெங்குவில் இறந்துபோனாள். மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

மலர்க்குழுச் செயலாளர் ராஜசேகர் ஏழாம் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தார். அதில் சுவேதா எழுதியிருந்தது இது: முப்பத்தெட்டு வருடம் முன்பு, மத்தூர்ப் பக்கம் ஒரு கிராமச் சபையில் பேராயர் இளம் ஆயராக இருந்தார். திருவிருந்தில் திராட்சை ரசத்துக்கு ஒரே பாத்திரம். நிலம் வைத்திருந்த குடும்பங்கள் முதலில் குடிப்பார்கள். கூலி வேலைக்காரர்கள் கடைசியில். ஒரு ஞாயிறு, களையெடுக்கப் போகும் சாந்தம்மா முதல் வரிசையில் வந்து மண்டியிட்டாள். அவர் பாத்திரத்தை அவளைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டினார். அதன்பின் அவள் கோயிலுக்கே வரவில்லை. அவர் பெரிய சபைகளுக்குப் போனார். பேராயர் ஆனார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சபை உறுப்பினராகத் திடப்படுத்தினார். அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை.

"இது பாராட்டு மலரு தம்பி. மாலை போடற நேரத்துல மூஞ்சில கரிய பூசறதா?" என்றார் ராஜசேகர்.

"அவரே சொன்னதுங்க."

"வயசானவரு ஆயிரம் சொல்லுவாரு."

பேராயரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்துட்டாலும் பரவால்ல தம்பி. எல்லாருக்கும் சங்கடம்."

"சாந்தம்மாவ இன்னொரு தடவ தாண்டிப் போறீங்களா அய்யா?"

இருமினார். "இருக்கட்டும். அடிக்காதீங்க ராஜசேகர்."

ராஜசேகர் பேனாவை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு பேரும் சேந்து சபைல என்னைய நல்லா திட்டு வாங்கவைக்கப் போறீங்க."

அடித்திருந்த ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன்.

கடைசிப் பக்கத்தில் சுவேதாவின் படம் இருந்தது. கீழே, ராஜசேகர் எழுதிய வரி: 'கர்த்தரைத் துதித்தபடியே கண்மூடினார்.' அன்று ஆஸ்பத்திரியில் அவளுடன் இருந்தது நான் மட்டும்தான்.

பேனாவை அந்த வரியில் வைத்தேன். "அதையுமா?" என்றார் ராஜசேகர்.

அடித்தேன். ஓரத்தில், அவள் கடைசியாக என்னிடம் சொன்னதை அப்படியே எழுதினேன்:

"சட்டைய உள்பக்கம் வெளிய தெரிய போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க பாருங்க. யாராச்சும் பாக்கறதுக்குள்ள போய் மாத்துங்க."