கட்டைவிரல் வாங்கிய எண்பத்தாறாயிரம்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மாஜி எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. நானும் என் மச்சானும் பன்னிரண்டு நாள் அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஆளுக்கு நாள் கூலி தொள்ளாயிரத்து ஐம்பது. முன்பணம் ஐயாயிரத்தைக் கழித்து, நான் கொடுத்த ஏணி வாடகை எண்ணூற்று நாற்பதைச் சேர்த்தால் இந்தத் தொகை வரும். எத்தனை தடவை கூட்டினாலும் இதேதான். நான் நிறைய தடவை கூட்டிவிட்டேன்.

மாஜி மூன்று முறை சபை உறுப்பினராக இருந்து நான்காவது முறை தோற்றவர். வாசலுக்கு வெளியே எல்லாருக்கும் அவர் மாஜி, உள்ளே போனால் ஐயா. அவருடைய காரியங்களைக் கவனிக்க ஒருவர் உண்டு. கண்ணாடிக்காரர் என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் இன்றைக்கும் பணம் இல்லை என்று அர்த்தம். வேலை முடிந்த ஏழு வாரத்தில் அந்தக் கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது.

ஐந்தாவது வாரம் கண்ணாடிக்காரர் டீ கொடுத்தார். பணம் தருகிற எண்ணம் உள்ளவர் எதற்கு டீ தருகிறார்?

“நாடு இருக்கிற நெலமை ஒனக்குத் தெரியாதா? ஐயாவே பென்ஷன்லதான் காலம் தள்றார். அதுவும் நாலு மாசமா வரல.”

பாதி நம்பினேன். என் மனைவி தைக்கப் போகும் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கி எட்டு மாதம். மளிகைக் கடைக்காரர் கடன் என்றாலே காது கேட்காதவர் மாதிரி அடுத்த ஆளைப் பார்க்கிறார். ஊரே இப்படிக் கிடக்கும்போது இவருக்கு மட்டும் வந்துவிடுமா என்று நினைத்தேன். மீதிப் பாதி நம்பவில்லை. ஏனென்றால் அந்த நேரம் உள்ளே தொலைக்காட்சியில் மாஜியே பேசிக்கொண்டிருந்தார். “இந்தச் சுமையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.” தன் பேச்சைத் தானே சத்தம் கூட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரம் மச்சான் என் வீட்டுக்கு வந்தான். மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். அவன் தங்கச்சி போட்டு வைத்த டீயைத் தொடவில்லை.

“மாப்ள, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு மச்சான்.”

“காசு வந்துடுச்சா?”

“வந்தா ஒனக்குத் தெரியாதா?”

“எப்படித் தெரியும்? வேலை பேசினது நீ. முன்பணம் வாங்கினது நீ. ஏணிக்காரனுக்கு மட்டும் அடுத்த நாளே எண்ணூத்தி நாப்பதை எண்ணிக் குடுத்திருக்க. அது எங்கேர்ந்து மொளச்சுது?”

“ஒன் தங்கச்சி பர்ஸ்லேர்ந்து எடுத்தேன்.”

அடுப்புப் பக்கம் நின்றிருந்த என் மனைவி மெதுவாகத் திரும்பினாள். அதுவரை அவளுக்கு அது தெரியாது.

“நான் தொலைச்சுட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “பஸ்ல பக்கத்துல ஒக்காந்திருந்தவளைத் திட்டாத நாளில்ல.”

ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லப் போய் இரண்டு பேருக்குத் திருடனாக ஆனேன். பாக்கி வராமல் போனால் போகட்டும் என்றுகூட ஒரு மனது சொன்னது. ஆனால் விஷயம் பாக்கி மட்டும் இல்லை. ஒன்பது வருஷமாக அவன் ஏணியில் நின்றால் நான் கீழே பிடிப்பேன், நான் நின்றால் அவன் பிடிப்பான். பிடிக்கிற கை மேல் சந்தேகம் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் யாரும் இரண்டாவது படி ஏற மாட்டார்கள்.

ஏழாவது வாரம் கண்ணாடிக்காரரே கூப்பிட்டனுப்பினார். மாடிப்படிச் சுவரில் ஈரம் ஊறி, பெயின்டுக்கு அடியில் பூசிய பட்டி உப்பி நிற்கிறதாம். அதைச் சுரண்டி மறுபடி பூசிக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒன்றாக முடித்துவிடலாமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. மச்சான் மட்டும் உடனே கிளம்பினான். வேலைக்கு வந்தானா, என்னைக் காவல் காக்க வந்தானா என்று நான் கேட்கவில்லை.

“படியெல்லாம் வெள்ளைக் கல்லு. ஒரு சொட்டு விழக் கூடாது,” என்று சொல்லி ஒரு கட்டு பழைய தாள்களைப் போட்டுவிட்டுப் போனார் கண்ணாடிக்காரர். எங்களை மாதிரி ஆட்களுக்குத் தாள் என்றால் விரிக்கத்தான் என்பது அவர் எண்ணம். நான் தொழிலாளர் சங்கத்தின் மாலை வகுப்பில் எழுத்துக் கற்று ஐந்து வருஷம் ஆகிறது. மாத்திரை அட்டையைக்கூட விடாமல் படிக்கிறவன். விரிக்கும்போதே படித்தேன்.

முதல் தாள் பென்ஷன் கணக்கு. மூன்று தடவை உறுப்பினராக இருந்ததற்கு மூன்று பென்ஷன், தனித்தனியாக. கீழே டிரைவர் படி, உதவியாளர் படி, போன் படி, மருத்துவம். மொத்தம் மாதத்துக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம். நாலு மாதமாக வரவில்லையா? போன மாதம் ஒன்றாம் தேதி வரவு வைத்திருந்தது. ‘உயர்த்தப்பட்ட விகிதம், எட்டு மாத நிலுவையுடன்’ என்று வேறு இருந்தது. எட்டு மாதம். என் மனைவிக்கு வேலை பாதியான அதே மாதத்திலிருந்து அவருக்கு ஏறியிருக்கிறது. எங்கள் பாக்கி அவருடைய இரண்டு நாள் வரும்படிகூட இல்லை.

மச்சானிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அவன் தோட்டக்காரரின் குட்டை ஏணியைச் சாத்தி வைத்துவிட்டு, “நீயே ஏறு. நான் புடிக்கிறேன்,” என்றான். எப்போதும் சுரண்டுவது அவன். சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

நாலு படி ஏறியிருப்பேன். ஏணி லேசாக ஆடியது.

“மாப்ள, கீழ எறங்கு.”

“ஏன்?”

“எறங்குன்னா எறங்கு.”

குனிந்து பார்த்தேன். அவன் கை ஏணியில்தான் இருந்தது. கண் காலடியில் கிடந்த ஒரு தாளில் இருந்தது. மச்சான் ஆறாவது வரைக்கும் படித்தவன். ஏணி இன்னொரு தடவை ஆடியது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

இறங்கியதும் தாளை என் மூக்குக்கு நேராக நீட்டினான். முன்னாள் உறுப்பினர் வீட்டுப் பராமரிப்பு மானியம். பெயின்ட் வேலைக் கூலி எண்பத்தாறாயிரம் பெற்றுக்கொண்டேன். என் பெயர் தப்பில்லாமல் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கைரேகை.

“எண்பத்தாறாயிரம்! எனக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் பாக்கி வச்சுட்டு எண்பத்தாறாயிரத்தை முழுங்கிட்டு நிக்கிறியே!”

“முழுங்கியிருந்தா இந்தச் சட்டையிலயா நிப்பேன்?”

“நீ எப்பவும் இந்தச் சட்டைதான்.”

ரேகையைப் பார்த்தேன். நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. பட்டி பார்க்கிற தகடு கிழித்த தழும்பு அது. என் இடது கட்டைவிரலேதான். முன்பணம் வாங்கிய அன்று ரசீது என்று சொல்லி மைப்பெட்டியைத் தள்ளினார் கண்ணாடிக்காரர். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. பார்த்தேன், கேட்க வாயெடுத்தேன், அதற்குள் நோட்டுகள் கைக்கு வந்துவிட்டன. கையெழுத்துப் போடத் தெரியும் என்றும் சொல்லவில்லை. என் கையெழுத்தை வேறு யாராவது போட்டுவிடலாம், ரேகையை யாரால் போட முடியும் என்று பெரிய புத்திசாலியாக நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொன்னால் மச்சான் நம்புவானா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். தாளை எடுத்துக்கொண்டு, “வா,” என்று அவனையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாஜி முக்காலி மேல் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இந்தத் தாள்ல நான் எண்பத்தாறாயிரம் வாங்கியிருக்கேன். என் மச்சான் பங்கு கேக்குறாரு. அதை எங்க வச்சேன்னு எனக்குத் தெரியல. ஐயாதான் சொல்லணும்.”

பக்கத்தில் நின்றிருந்த கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மாஜி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு கோட்டு பெயின்ட் உரிந்திருக்கும். பிறகு என்னிடம் திரும்பிச் சிரித்தார்.

“ஒக்காருப்பா. டீ சாப்பிடறியா?”

“வேணாங்கய்யா.”

“இது சும்மா ஆபீசுக்குக் குடுக்கிற கணக்கு. பதவியில இருந்தவங்க வீட்டைப் பராமரிக்க அரசாங்கம் குடுக்குது. எல்லாம் சட்டப்படிதான்.”

“சட்டம் யாருங்கய்யா போட்டது?”

“சபை.”

“சபையில யாரு இருந்தா?”

“நாங்கதான்.” சொன்ன பிறகு அவருக்கே என்னவோ மாதிரி இருந்திருக்க வேண்டும். “நாங்க மட்டுமில்ல, எதிர்க்கட்சியும் கை தூக்கிச்சு. ஒருத்தர்கூட மறுத்துப் பேசல,” என்றார்.

“அந்த ஒரு நாளாவது ஒத்துமையா இருந்தீங்களே,” என்றான் மச்சான். சந்தேகம் வந்த பிறகு முதல் தடவையாக என் பக்கம் நின்று பேசினான்.

மாஜி கையசைத்தார். கண்ணாடிக்காரர் உள்ளே போய் வந்தார். நாலு மாதமாகப் பணமே வராத வீட்டில் ஐந்து நிமிஷத்தில் இருபதாயிரம் கிடைத்தது.

“மேல இருக்கிறதையும் நீயே வச்சுக்க. அந்தத் தாளைக் குடுத்துடு.”

“பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது போதுங்கய்யா.”

மச்சான் என் இடுப்பில் கிள்ளினான். “இன்னிக்கு ரெண்டு பேரும் வந்தது என்ன, நம்ம அப்பன் வீட்டு வேலைக்கா?” என்று காதோரம் சீறினான். நியாயம்தான். ஆனால் அந்த ஆயிரத்து முந்நூற்று அறுபது எதற்கான கூலி என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வேறொரு ரசீதில் அவர்கள் ஒரு பதில் எழுதி வைத்திருப்பார்கள்.

சில்லறை வர நேரமானது. பாக்கி தீர்ந்தது என்று ஒரு தாள் நீட்டினார்கள், கூடவே மைப்பெட்டி. மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டேன். தொகையை நானே எழுத்தில் எழுதினேன். முன்னாலும் பின்னாலும் ஓர் எழுத்து நுழைய இடம் விடவில்லை.

“எழுதத் தெரியுமா ஒனக்கு?” என்றார் மாஜி.

“மெதுவாத்தாங்கய்யா வரும்.”

எண்பத்தாறாயிரம் தாளைக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது. அது நகல்தான். அசல் ஏதோ ஓர் ஆபீசில் இருக்கிறது. அங்கே என் கட்டைவிரல் எண்பத்தாறாயிரத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் அந்தக் கூடத்தில் நின்றது மச்சான் கண்ணெதிரே பணத்தை எண்ணி வாங்க. மற்றதைக் கேட்கிற தெம்பு அன்றைக்கு இல்லை.

சுவரை உப்பியபடியே விட்டுவிட்டு வந்து, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் பங்கு போட்டோம். அவனுக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு தடவை எண்ணினான். எனக்கும் அவ்வளவுதான். மீந்த எண்ணூற்று நாற்பதை நான் எடுப்பதற்குள் அவன் எடுத்துக்கொண்டான்.

“இது தங்கச்சி காசு.”

“நான் குடுத்துட மாட்டேனா?”

“குடுப்ப. நானும் கூட வரேன்.”

வந்தான். என் மனைவி கையில் அவனே வைத்தான். அவளும் எண்ணிப் பார்த்தாள்.

“சரியா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, பர்ஸை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைக்காமல் வேறெங்கோ கொண்டுபோய் வைத்தாள்.