வரி குறைந்த பிறகு

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி அறையில், விஜயலக்ஷ்மி பரதநாட்டிய உடைகள் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். கடை என்று பேரே தவிர வாசலில் போர்டு கிடையாது. மயிலாப்பூர்க்காரர்கள் யாரும் அங்கே படியேறி வந்து வாங்கியதுமில்லை. தைத்ததில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போய்விடும். அவள் மகள் மதுவந்தி நியூஜெர்சியில் நாட்டியப் பள்ளி நடத்தினாள். அவளிடம் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கும், அவள் சிநேகிதிகளின் பள்ளிப் பெண்களுக்கும் அரங்கேற்றம் என்றால், அளவுகள் முதலில் இந்த மாடிக்குத்தான் வரும்.

துணி வெட்டுகிறவள் நஸ்ருன்னிசா. மீர்சாகிப்பேட்டையிலிருந்து நடந்தே வருவாள். மதுவந்தி சின்னப் பெண்ணாகப் பாரதிய வித்யா பவனில் முதன்முதலாக ஆடியபோது, கடைசி நேரத்தில் உடை உடம்புக்குப் பொருந்தாமல் போக, யாரோ சொல்லி அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தாள். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, விஜயலக்ஷ்மி அன்றைக்கே கேட்டாள், "நஸ்ரு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாமா?" அப்படி ஆரம்பித்ததுதான். லாபமோ நஷ்டமோ ஆளுக்குப் பாதி. எழுதி வைத்துக்கொண்டதில்லை, அதற்கு அவசியம் வந்ததில்லை.

ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் இந்தியச் சரக்கின் மேல் ஐம்பது சதவீதம் வரி போட்டான். முன்பெல்லாம் சின்னப் பார்சல்களுக்கு வரி கிடையாது. அந்தச் சலுகையும் போயிற்று. தபாலாபீஸில் அமெரிக்கப் பார்சலே வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். விஜயலக்ஷ்மி கூரியரில் அனுப்பினாள். சரக்கு போய்ச் சேர்ந்த அன்று மதுவந்தி கூப்பிட்டாள்.

"அம்மா, வாசல்ல பெட்டியை வச்சுண்டு வரியைக் கட்டுன்னு நிக்கறான்மா. குழந்தைகளோட அம்மாக்கள் நாங்க ஏன் கட்டணும்னு கேக்கறா."

"அவாதானே ஆர்டர் பண்ணினா?"

"பண்ணினாம்மா. ஆனா அப்போ இந்த விலை இல்லையே. அவாளையும் சொல்லிக் குத்தமில்லை. இங்க அரிசிலேர்ந்து எல்லாம் ஏறிக் கெடக்கு. ஒருத்தியோட ஆத்துக்காரருக்கு வேலை வேற போயிடுத்து."

அந்தப் பெட்டிக்கு மதுவந்தியே கட்டினாள். அடுத்த பெட்டிக்கு இங்கே விலையைக் குறைத்தார்கள். அதற்கடுத்ததற்கு இன்னும் குறைத்தார்கள். குறைத்துக் குறைத்து, பட்டு வாங்கின காசு திரும்பினால் போதும் என்ற இடத்துக்கு வந்தபோது, மெஷினில் உட்கார்ந்திருந்த செந்தில்குமார் சாப்பாடு டெலிவரி வண்டி ஓட்டப் போனான். கொக்கி வைத்துக் கை வேலை செய்த நிஷா, வேளச்சேரி மாலில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். போகிற அன்று அவள் அழுததைப் பார்த்து நஸ்ருதான் அதட்டினாள். "இன்னாத்துக்கு அழுவுற? வரியின்னா ஆயுசு பூரா கீதா? எறங்கும். அப்போ கூப்ட்டா வந்துடணும், தெரிதா?"

நவராத்திரி முடிந்ததும் மதுவந்தி ஒன்று கேட்டாள். அங்கே எடிசன் என்ற ஊரில் குஜராத்திப் பெண்மணி ஒருத்தி தைக்கிறாளாம். துணியை ஊருக்கு வந்து போகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்துவிடுவார்கள். தையல் பரவாயில்லை, ஆனால் வெட்டு வரவில்லை. நஸ்ரு அத்தை அளவுவாரியாகப் பேப்பரில் மாதிரி வெட்டிக் கொடுத்தால், இந்த வருஷத்தை ஒப்பேற்றிவிடலாம்.

"இந்த வருஷத்துக்கு மட்டுந்தானே மது?"

"வேற என்ன? நான் பள்ளிக்கூடத்தை மூடிட்டு உக்கார முடியாதும்மா."

மகளுக்கு இல்லையென்று சொல்ல விஜயலக்ஷ்மிக்கு வாய் வரவில்லை. நஸ்ருவிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். கடைசியில், துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

நஸ்ரு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "மதுவுக்குத்தானேக்கா?" என்றாள்.

"மதுவுக்குத்தான். வரி எறங்கற வரைக்கும்."

"அப்போ இன்னா? குடுத்துட்டுப் போறேன்."

பழுப்புத் தாளை வாங்கிவந்து தரையில் விரித்து உட்கார்ந்தாள். எட்டு வயதுக் குழந்தையிலிருந்து பெரிய பெண்கள் வரை ஒவ்வொரு அளவுக்கும் வெட்டினாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோள் கொஞ்சம் அகலம் என்று அதற்கும் இடம் விட்டாள். விஜயலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று. நடுவில் நிமிர்ந்து, "இடுப்புல ஒரு பிடி லூசா விட்டுத் தைக்கச் சொல்லு, புள்ளைங்க மூச்சு வாங்கும்" என்று மட்டும் சொன்னாள். வேளச்சேரியிலிருந்து நியூஜெர்சி போகிற ஒரு பையனின் பெட்டியில் அந்தத் தாள்கள் போயின. காகிதத்துக்கு யாரும் வரி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை வரவில்லை. உள்ளூரில் இருந்த நாட்டியப் பள்ளிகளுக்கெல்லாம் ஏற்கெனவே அவரவர் தையல்காரர்கள் இருந்தார்கள். போதாக்குறைக்கு, அமெரிக்கா போய்க்கொண்டிருந்த மற்ற கடைகளின் சரக்கும் இங்கேயே விலை குறைந்து கிடந்தது. நஸ்ரு தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் அடித்தளத்தில் ஆல்ட்டரேஷன் வேலைக்குப் போனாள். வீட்டில் அவள் கணவர் ஷஃபியுல்லா முதுகு வலியில் ஆட்டோ ஓட்டுவதை விட்டிருந்தார். அவளால் சும்மா உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாடிக்கு வந்து, மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுப் போவாள்.

தை பாதி தாண்டியிருந்தது. வரியை நன்றாகக் குறைக்கப் போகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். விஜயலக்ஷ்மி காபியைக்கூடக் குடிக்காமல் மகளைக் கூப்பிட்டாள்.

"பார்த்தியோன்னோ மது? கோடை அரங்கேற்றத்துக்கு அளவெல்லாம் அனுப்பு. நஸ்ருவை நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

"அம்மா... கோடைக்கு இங்கேயே குடுத்தாச்சும்மா. அந்தக் குஜராத்தி மாமி ஒத்தாசைக்கு இன்னும் ரெண்டு பேரை வச்சுண்டுட்டா. குழந்தைகள் நேர்ல போய்ப் போட்டுப் பாத்துக்கறா. அம்மாக்களுக்கு இதுதான் சௌகர்யமா இருக்காம். வரி திரும்ப எப்போ ஏறும்னு யாருக்கும்மா தெரியும்?"

"அந்த வெட்டு நஸ்ருவோடது, மது."

"தெரியும்மா. நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு." மதுவந்தியின் குரல் உடைந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஜயலக்ஷ்மியால் தாங்க முடியாததாக இருந்தது.

நஸ்ருவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் காலை மாடியேறினாள். கதவு திறந்திருந்தது. அறை கூட்டித் துடைத்திருந்தது. மெஷின்களின் மேலிருந்த உறைகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள் நஸ்ரு.

"வா விஜிக்கா! டிவில பாத்தேன். அப்பவே கடைல கணக்கு முடிக்கச் சொல்ட்டேன். அந்த சூப்பர்வைசர் மொறைக்கிறான், 'போயேன், நீ இல்லாங்காட்டி கடைய மூடிடுவோமா'ன்றான். போய்யா, எனுக்கு என் கடை கீதுன்னு சொல்ட்டு வந்துட்டேன்." சிரித்தாள். "நிஷாக்கும் போன் போட்டேன். மாசக் கடைசில வந்துடுது."

விஜயலக்ஷ்மி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சொன்னாள். எல்லாவற்றையும், மதுவந்தி சொன்னது சொன்னபடி.

நஸ்ரு கையிலிருந்த உறையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

"நா வெட்டிக் குடுத்தத வச்சித்தான் தைக்கிறாங்களா?"

"ஆமா."

"அளவு சரியா வருதாமா?"

விஜயலக்ஷ்மி தலையை மட்டும் ஆட்டினாள்.

"விஜிக்கா, ஒன்னு கேக்குறேன், மறைக்காத சொல்லு. அன்னிக்கு எங்கிட்ட பேப்பர் கேட்டியே, அப்பவே உனுக்கு இப்டி ஆவும்னு தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கூட இருந்தவளிடம் அது நாக்கில் வரவில்லை.

"பயம் இருந்தது, நஸ்ரு. ஆனாலும் கேட்டேன். அவ என் பொண்ணு."

"மதுவ நானும் எம் பொண்ணுன்னுதானே நெனச்சேன்" என்றாள் நஸ்ரு. கோபமாகச் சொல்லவில்லை. தன் கத்தரிக்கோலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். நிஷாவுக்குப் போன் செய்து, "வேலைய விட்டுடாதம்மா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். விஜயலக்ஷ்மி பின்னாலேயே வந்து கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

தி.நகர்க் கடையில் அதற்குள் நஸ்ருவின் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிய வந்தது. அவளுக்குப் போன் செய்தால் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. வாடகை கட்ட முடியாமல் மாடியைக் காலி செய்ய வேண்டிய வாரம், விஜயலக்ஷ்மி மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தே போனாள். மெஷின்களில் பாதி உன்னுடையது, எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் போனாள். அதைவிட, முகத்தைப் பார்க்கத்தான் போனாள்.

ஷஃபியுல்லா கதவைப் பாதி திறந்தார். முதுகை நிமிர்த்த முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நஸ்ரு இருக்காளா?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஊட்ல இல்லம்மா. வெளிய போயிருக்கா."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. மூன்று பேருக்கும் அது கேட்டது. விஜயலக்ஷ்மி காத்திருந்தாள். மெஷின் மறுபடி ஓடவுமில்லை, யாரும் வெளியே வரவுமில்லை.

"சரி. விஜி வந்துட்டுப் போனான்னு சொல்லுங்கோ" என்று உள்ளே கேட்கும்படியாகவே சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.