பழக்கிய சட்டி

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வருடம், எலவனாசூர்கோட்டையில் பாப்பாத்தி வைத்த கருவாட்டுக் குழம்பு, கல்வராயன் மலையடியில் கச்சிராயபாளையத்தில் இருந்த அவள் தங்கை இருசம்மாளின் சட்டியில் போய்க் கொதித்தது. பாப்பாத்தியின் சட்டி கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது.

எல்லாம் அவள் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த சீரால் வந்தது. களையெடுத்த கூலியில் எவர்சில்வர் குடம் வாங்க முடியாது. சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கினாள். புதுச்சட்டியில் முதல் குழம்பு மண் வாடை அடிக்கும், தங்கையின் மாமியார் குறை சொல்வாள் என்று அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிப் பழக்கி, ஆடி முழுக்கத் தன் அடுப்பிலேயே அதில் குழம்பு வைத்தாள். கொஞ்சம் அதிகமாகவே பழக்கிவிட்டாள். சட்டிக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று ஒரு கை கல்லுப்பு போட்டு ஆவணியில் கொடுத்தாள். மாமியார் லட்சுமியம்மாள், "கரி புடிச்ச சட்டியா சீரு? உங்கக்காவுக்கு வேற இன்னாவும் கெடைக்கலியா?" என்று அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். கேள்விப்பட்டுப் பாப்பாத்தி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

மறியலில் புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, சந்தை இல்லை. குழம்புக்கு ஒன்றுமில்லாத இருசம்மாள், அக்கா நினைப்பில் கோழிச் சட்டியைத் தேய்த்து வெந்நீர் வைத்தாள். மூடியைத் திறந்தால் குழம்பு. வெந்தயம் தூக்கலாக இருந்ததால் யார் கை என்று தெரிந்துவிட்டது. லட்சுமியம்மாள் மறுசோறு வாங்கினாள்.

இங்கே பாப்பாத்தியின் புருஷன் ராசு தட்டோடு உட்கார்ந்தான். "இன்னாமே, கொழம்பு எங்க?"

"யோவ், நீயே துன்னுட்டு என்னிய கேக்கிறியா?"

மறியல் முடியும்வரை தினமும் இதே சண்டைதான். ராசு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்தான். மரங்களை அகற்றியதும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய இருசம்மாள், "யக்கா, நேத்து உப்பு கம்மி" என்றாள். பாப்பாத்திக்கு அப்போதுதான் புரிந்தது. புருஷனைத் திட்டியதற்கு வருத்தமெல்லாம் இல்லை. தங்கை பட்டினி கிடக்கவில்லை என்று சந்தோஷத்தில் அழுதாள்.

தையில் லட்சுமியம்மாளே ஒரு சட்டியோடு வந்தாள். அடியெல்லாம் கரி. "மார்கழி முச்சூடும் எங்க வூட்ல பழக்கனது. உள்ள உப்பு போட்டுக்கிறேன், வச்சிக்கம்மா" என்றாள். ராசு உடனே தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினான். சுண்டைக்காய்க் குழம்பு வந்தது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் அப்படித்தான். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால், இரண்டு வீட்டிலும் மூடியைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார்கள். அவர்கள் வைப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் வைப்பார்கள் என்று அவர்களும் வெந்நீர் மட்டும் வைத்த நாட்களில், இரண்டு வீட்டிலும் ஊறுகாய்.